கோபுரத்தின் மேலிருந்து பெண் பார்த்த கதை

என் மனைவியை நான் முதன்முதலாகப் பெண் பார்த்தபோது அவள் அந்த இடத்திலேயே இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். (பார்க்கட்டும், நாற்பது வருஷமாப் பழகிப்போச்சு.) நடந்த குளறுபடியில் பாதி என் தாய்மாமனுடையது, பாதி என்னுடையது என்பது என் தீர்ப்பு. முழுக்க என்னுடையது என்பது என் மனைவியின் தீர்ப்பு. வீட்டில் செல்லுபடியாவது அவளுடையதுதான்.

ஜப்பான்காரன் காலம் அது. சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வயது இருபத்து மூன்று. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன நாற்காலியில் ஒரு ஜப்பான்கார மானேஜர் உட்கார்ந்திருந்தார். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. வேட்டியில் கிழிசல் போக மீதிதான் வேட்டி. இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது சயாம் ரயில் பாதைக்கு ஆள் எடுப்பது. லாரி வரும், பெயர் வாசிப்பார்கள், ஏறியவன் திரும்பி வரமாட்டான்.

கல்யாணமாகாத ஆட்களின் பட்டியல் ஒன்றைத் தயார் செய்யும்படி மானேஜர் சொன்னார். தயார் செய்தவன் நான்தான். அழகான கையெழுத்தில், கோடு போட்டு, ஏழாவது வரிசையில் என் பெயரையும் எழுதினேன். கதிரேசன், கிராணி. பெயரை விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆள் பதிவேடு மானேஜரிடம் இருந்தது. அதில் இருப்பவன் இதில் இல்லையென்றால் தலை இருக்காது. புதுப் பெண்டாட்டி உள்ளவனை விட்டுவிடுகிறார்கள் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. எந்தக் காகிதத்திலும் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் அம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். லாரி வருவதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பெண்ணும் தயாராகவே இருந்தாள். ஜொகூர் பாருவுக்கு எதிர்க்கரையில், ஷோனான் என்று பெயர் மாற்றப்பட்டிருந்த சிங்கப்பூரில், கிராஞ்சிப் பக்கம் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்துவந்த வேலாயுதம் என்பவரின் மகள் மரகதம். எங்களுக்குத் தூரத்து உறவு. பக்கத்திலேயே சிப்பாய்களின் கூடாரம் வந்துவிட்டதால், வயதுவந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அவர்களும் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். இரண்டு பக்கமும் அவசரம். நடுவில் வழியை மறித்துக்கொண்டு நின்றவர் என் மாமா கருப்பையா கங்காணி ஒருவர்தான்.

அப்பா இல்லாத வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நூறு பேரை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டே பழகிய மனிதர். வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தாலும் அதே குரல்தான்.

“பொண்ணப் பாக்காம கல்யாணமா? நம்ம வழக்கத்துல அப்படி உண்டா?” என்றார்.

“அண்ணே, உசுருக்கே ஆபத்தா இருக்கு. இப்பப் போயி வழக்கம் பேசுறீங்களே” என்றாள் அம்மா.

“உசுரு போனாலும் முறையாப் போவணும்.”

பெண் பார்க்கப் போகலாம் என்றால் மாமாவுக்குச் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டும் பாஸ் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைக்கும். ஆனால் மாப்பிள்ளை தனியாகப் போய்ப் பெண் பார்ப்பது எந்த ஊர் வழக்கம் என்று மாமா குதித்தார். பெண்ணை இந்தப் பக்கம் அழைத்து வரச் சொல்லலாம் என்றால், மகளைக் கூட்டிக்கொண்டு காவல் சாவடியைத் தாண்ட வேலாயுதத்துக்குத் துணிச்சல் இல்லை. அந்த அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சாவடியில் எதுவும் நடக்கும்.

இந்த நேரம் பார்த்து நான் நிப்பொங்கோ பரீட்சையில் தேறித் தொலைத்தேன். சுற்று வட்டாரக் கிராணிகளும் வாத்தியார்களுமாகப் பன்னிரண்டு பேர் ஜப்பான் மொழி படித்தோம். நான் பதினோராவதாகத் தேறினேன். (பன்னிரண்டாவது ஆளுக்கு அன்னிக்கு மலேரியா, பரீட்சைக்கே வரலை.) முதலாவதாக வந்தவன் என் சிநேகிதன் ஞானப்பிரகாசம். எங்கள் தோட்டத்து மருந்துக்கடையில் வேலை, கோயிலில் பாடுகிற குரல், எதையும் ஒரு தடவை கேட்டால் மறக்காத மண்டை. தேறியவர்களுக்குப் பரிசாக ஓர் உல்லாசப் பயணம் அறிவித்தார்கள். ஜொகூர் பாருவில் குன்றின் மேல் நிற்கும் பெரிய அரசாங்கக் கட்டடத்தின் கோபுர உச்சிக்கு ஏறி, ஜப்பானியப் பேரரசின் விரிவைக் கண்ணாரக் காணலாம். ஆளுக்கு ஒரு குடும்பத்தார் கூட வரலாம்.

“அந்த உச்சியில இருந்து பாத்தா ஷோனான் கரையே தெரியுமாம்” என்று நான்தான் வாய் தவறி மாமாவிடம் சொன்னேன்.

மாமா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். “கரை தெரிஞ்சா கரையில நிக்கிற ஆளு தெரியுமில்ல?”

அந்த நிமிடத்தில் நான் வாயைக் கழுவிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். பதிலாக, தெரியலாம் என்று சொன்னேன். மறுநாளே மாமா சொல்லச் சொல்ல வேலாயுதத்துக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் மகளுக்குச் சிவப்புப் புடவை கட்டி, கரையோரம் தார்ரோடு முடியும் இடத்தில், பெரிய மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தவும். நாங்கள் கோபுரத்தின் மேலிருந்து பார்த்துக்கொள்கிறோம். நேரம் பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை. அந்த நேரத்தில்தான் எங்களை மேலே விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்தியாவிலிருந்து புதுப் பஞ்சாங்கம் வருவது நின்றுபோயிருந்ததால், மாமா பழைய பஞ்சாங்கம் ஒன்றைப் புரட்டி அதே நேரம் நல்ல நேரம் என்றும் கண்டுபிடித்துவிட்டார். தேவைப்பட்டபடி திதி மாறும் பஞ்சாங்கம் அது.

பயண நாளன்று கரி வாயுவில் ஓடும் லாரியில் எங்களை ஏற்றினார்கள். ஏற்றத்தில் நாங்கள் இறங்கித் தள்ளினோம், இறக்கத்தில் அது எங்களைத் தூக்கிப் போட்டது. மாமா மடியில் ஒரு துண்டு மூட்டையை அணைத்துக்கொண்டே வந்தார். என்னவென்று கேட்டால் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். கட்டடத்து வாசலில் காவல் நின்ற சிப்பாய் அதை அவிழ்க்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம்.

“தாம்பூலத் தட்டு இல்லாம எப்படிப் பொண்ணு பாக்குறது?” என்றார் மாமா என்னிடம், நான்தான் புத்தி கெட்டவன் என்பதைப் போல.

சிப்பாய் என்னைப் பார்த்தான். பதினோராவதாகத் தேறியவனுக்குத் தாம்பூலத்துக்கு ஜப்பான் மொழியில் சொல் தெரியுமா? “சாப்பாடு” என்றேன். அவன் ஒரு பழத்தை உரித்துத் தின்று பார்த்தான். பிறகு சீப்பையே எடுத்து வைத்துக்கொண்டான். என் கல்யாணத்தில் முதல் தாம்பூலம் வாங்கியவன் அவன்தான்.

படிகள் வளைந்து வளைந்து போயின. மாமா ஒவ்வொரு படியையும் உரக்க எண்ணினார். நூறு தாண்டியதும் எண்ணிக்கையை மறந்து, மறுபடி கீழே போய் எண்ணலாமா என்று யோசித்தார். (சத்தியமா யோசிச்சாரு.) உச்சிக்கு வந்தபோது எனக்கு மூச்சும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆனால் கைப்பிடிச் சுவரிலிருந்து தெற்கே பார்த்ததும் ஒரு நிமிடம் எல்லாம் மறந்தது. கீழே ஓட்டுக் கூரைகள், ஜலசந்தி, அதன் குறுக்கே போட்ட கல்பாலம், அதற்கப்பால் பச்சைப் பசேலென்று ஷோனான். நான் அதுவரை தோட்டத்து ரப்பர் மரத்தைவிட உயரமான எதன் மேலும் ஏறியதில்லை. கால் தடதடவென்று ஆடியது. காதல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் நிப்பொங்கோ ஆசிரியர் பேரரசின் விரிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மாமா சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு எதிர்க்கரையைத் தேடினார். ஒரு மைலுக்குக் குறையாது. மனிதன் என்றும் மாடு என்றும் பிரித்தறிய முடியாத தூரம். நான் கையை விரித்து, இது நடக்காது என்று சொல்ல வாயெடுத்தபோது மாமா என் முழங்கையை இறுக்கினார்.

“அந்தா. மரம். மரத்துக்கு இந்தாண்ட. செவப்பு.”

பார்த்தேன். உண்மையாகவே மரத்தடியில் குங்குமப் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு. எனக்காக ஒரு பெண் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு வெயிலில் வந்து நிற்கிறாள் என்றே நம்பினேன். அந்தப் பொட்டைப் பார்த்து, சுவருக்கு மேலே தெரியும்படி கையை லேசாக ஆட்டினேன். இருபத்து மூன்று வயதில் மனிதனுக்கு மூளை எங்கே இருக்கும் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெண்ணை ஆராய்ந்தார். “கொஞ்சம் பூசுனாப்பல ஒடம்பு. பரவால்ல, நல்லதுதான். குடும்பத்துக்கு ஆவும்.” சிறிது நேரம் கழித்து, “அடக்கமான பொண்ணுடா. அரை மணி நேரமா நின்ன எடத்துலயே நிக்குது. ஒரு அசைவு இல்ல. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா?”

“ரொம்ப அசையாம நிக்குதே மாமா” என்றேன்.

“ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.”

அதற்குள் ஆசிரியரின் பேச்சு முடிந்திருந்தது. எல்லாரும் வடகிழக்கே ஜப்பான் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும் என்று கட்டளை வந்தது. நாங்கள் பதினோரு பேரும் எங்கள் குடும்பத்தாரும் திரும்பிக் குனிந்தோம். மாமா ஒருவர் மட்டும் தெற்கே பார்த்து, நெஞ்சில் கை கூப்பிக் கண்ணை மூடி நின்றார். நல்ல நேரம் முடிவதற்குள் அவர் குலதெய்வத்தை வேண்டியாக வேண்டுமாம். மூலையில் நின்றிருந்த சிப்பாய் வந்தான். மாமாவின் நரைத்த தலையைப் பார்த்தான், பிறகு அவரை அழைத்து வந்த என்னைப் பார்த்தான். அறை எனக்கு விழுந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாங்கிய அறை. ஞானப்பிரகாசம் முன்னால் வந்து குனிந்து, பெரியவருக்கு உடம்பு சரியில்லை, தலைசுற்றல் என்று சுத்தமான ஜப்பான் மொழியில் சொன்னான். அவன் இல்லையென்றால் அன்றைக்கு அது ஓர் அறையோடு முடிந்திருக்காது.

திரும்பும் வழியில் என் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மாமா மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். அன்று மாலையே என்னை உட்கார வைத்துக் கடிதம் சொன்னார். தங்கள் மகளை நேரில் கண்டோம். உடல்வாகும் அடக்கமும் கண்டு மனம் குளிர்ந்தோம். ஒரு மணி நேரம் அசையாமல் நின்ற பொறுமையை வியந்தோம். நாள் குறிக்கவும்.

பதில் வர இரண்டு வாரமாயிற்று. வேலாயுதத்தின் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. தாங்கள் எழுதிய பதினோரு மணிக்கு எங்கள் பெண் கரைக்குப் போய், பன்னிரண்டு வரை வெயிலில் நின்றாள். கோபுரத்தின் மேல் ஒரு காக்கைகூட இல்லை. தங்களுக்கு வரும் எண்ணமில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். தாங்கள் பார்த்து மனம் குளிர்ந்த பெண் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவளையே முடித்துக்கொள்ளவும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரப்படி ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டான். ஆபீஸ், பெரட்டு, ரயில் எல்லாம் அந்த நேரம். ஆனால் எங்கள் மக்கள் வீட்டுக்குள் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். நல்ல காரியம், பால் கறப்பது, பிள்ளை பிறந்த நேரம், எல்லாம் பழைய நேரம். நான் ஆபீஸ் நேரத்தில் எழுதினேன். அவர்கள் வீட்டு நேரத்தில் படித்தார்கள். அவர்களுடைய பதினோரு மணி எங்களுக்குப் பன்னிரண்டரை. நாங்கள் கீழே இறங்கி லாரி தள்ளிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றிருக்கிறாள். ஆபீஸில் உட்கார்ந்து நாள் முழுதும் நேரம் எழுதுகிறவனுக்கு, எந்த நேரம் என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதத் தோன்றவில்லை.

“அப்ப நான் பாத்தது யாரு?” என்றார் மாமா.

யாருக்கும் தெரியவில்லை. லாரி அடுத்த மாதம் வருகிறது என்று மட்டும் தெரிந்தது. அம்மா முதன்முறையாக அண்ணனை எதிர்த்து, “நீ போடா கதிரேசா, தனியாப் போ. கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வா” என்றாள்.

பாஸ் வாங்கிக்கொண்டு, சாவடியில் இடுப்பு ஒடியக் குனிந்துவிட்டுப் பாலத்தைக் கடந்தேன். வேலாயுதம் என்னை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. நேராகக் கரைக்கு அழைத்துப் போனார். “நீங்க எழுதுன எடம் இதுதானே? தார்ரோட்டு முனை, பெரிய மரம்.”

அதேதான். மரத்துக்குப் பத்தடி தள்ளி, சிவப்புச் சாயம் பூசிய தார்ப் பீப்பாய் ஒன்று நின்றது. நடுவில் கொஞ்சம் உப்பல், பூசினாற்போல உடம்பு. அசையவில்லை.

“இது எவ்வளவு நாளா இங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“ரோட்டு வேலைக்காரங்க விட்டுட்டுப் போனது. சண்டைக்கு முன்னாடியிருந்தே கெடக்கு.”

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேறு வழி இல்லை. வீட்டு வாசலில் நின்று, கடிகாரம், கோபுரம், தாம்பூலம், அறை, கடைசியாகப் பீப்பாய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வேலாயுதத்தின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“அப்பா, அந்தப் பீப்பாவையே கட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

அதுதான் நான் கேட்ட அவளது முதல் வார்த்தை. நான் பட்டியலைப் பற்றியும் சொன்னேன், ஏழாவது பெயரைப் பற்றியும் சொன்னேன். பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, அவள் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும் என்று.

“நான் ஒரு மணி நேரம் வெயில்ல நின்னேன்” என்றது குரல். “அவரும் நிக்கட்டும். முத்தத்துல. எங்க கடியாரத்துல பதினோரு மணியிலிருந்து.”

நின்றேன். மாட்டுச் சாணம் காயும் முற்றத்தில், தொப்பி இல்லாமல், உச்சி வெயிலில். ஒரு கன்றுக்குட்டி வந்து என் சட்டை நுனியைச் சப்பியது. துரத்தினால் அசைந்ததாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஜன்னல் பலகைக்கு நடுவில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. சாவகாசமாக, உச்சந்தலையிலிருந்து கால்வரை, என்னைப் பார்த்து முடித்தன. ஒரு மணி நேரம் ஆகிவிட்டதுபோல் எனக்குத் தோன்றியதும் வேலாயுதத்தைப் பார்த்தேன்.

“இன்னும் இருவது நிமிசம் இருக்கு தம்பி” என்றார் அவர்.

அது முடிந்ததும் ஒரு சொம்பு மோர் வந்தது. கொண்டுவந்தது அவளேதான். “குடிங்க. அடுத்த வாரம் அம்மாவக் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

மறு வாரம் எப்படியோ அம்மாவுக்கும் ஒரு பாஸ் வாங்கி அழைத்துப் போய், மாட்டுக் கொட்டகை முற்றத்திலேயே தாலி கட்டினேன். திரும்பும்போது அவள் முகத்தில் அடுப்புக்கரியைப் பூசி, தலையைக் கலைத்து, கிழிந்த புடவை ஒன்றைச் சுற்றிச் சாவடியைக் கடந்தோம். தோட்டத்து வாசலில் காத்திருந்த மாமா கரி பூசிய முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “அன்னிக்குப் பாத்த மாதிரியே இருக்கா” என்றார்.

பன்னிரண்டு நாள் கழித்து லாரி வந்தது. பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, பட்டியலை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். ஆறு பெயர் வாசித்தேன். ஏழாவதற்கு எனக்குக் குரல் வரவில்லை. குடியிருப்பு லயத்துப் பக்கமிருந்து மரகதம் நடந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, நானும் சொல்லி வைக்கவில்லை. கல்யாணச் சிவப்புப் புடவை, கழுத்தில் மஞ்சள் காயாத தாலி. அத்தனை சிப்பாய்களுக்கு நடுவில் வந்து என் பக்கத்தில் நின்றாள். ஜப்பான்கார அதிகாரி அவளைப் பார்த்தார், தாலியைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, பென்சிலை எடுத்து ஏழாவது பெயரை அடித்தார்.

எட்டாவது பெயர் ஞானப்பிரகாசம். அதையும் நான்தான் வாசித்தேன். அவன் எனக்குக் கையசைத்துவிட்டு லாரியில் ஏறினான். திரும்பி வரவில்லை. இந்தக் கதையை எத்தனை முறை சிரித்துக்கொண்டு சொன்னாலும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வரவேண்டியதும் இல்லை.

மாமா கடைசிவரை பீப்பாய் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. பெண் கொஞ்சம் சீக்கிரமே வந்திருக்க வேண்டும், வீட்டில் மறைக்கிறார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கோ இது தீராத விருந்து. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும், “எங்கப்பா எங்கம்மாவப் பாக்காமலே கட்டிக்கிட்டாருலா” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நான் எரிச்சலோடு விளக்கம் சொல்லப் போவேன். அடுப்படியிலிருந்து மரகதம் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள்.

“பொண்ணு பாக்க வந்தவரு ஒண்ணும் பாக்கல, அது நெசந்தான்” என்பாள். “மாப்பிள்ளைய நான் நல்லாப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டேன்.”